கேட்கிறவர் பங்கு

மேடைப் பேச்சுக்குப் பிள்ளைகளைப் பழக்கும்போது நான் முதலில் படிக்கக் கொடுப்பது எந்தத் தலைவருடைய பேச்சையும் அல்ல. தென்காசி காசி விசுவநாதர் கோயிலில் பராக்கிரம பாண்டியன் கல்லில் வெட்டி வைத்த பாட்டுகளைத்தான் கொடுப்பேன். 1446-ல் கோயில் வேலையைத் தொடங்கிய அரசன் அவன். 1463-ல் இறந்துபோனான், ராஜகோபுரத்தைத் தம்பி குலசேகரன்தான் கட்டி முடித்தான். பாதியில் நிற்கும் வேலையைப் பார்த்துக்கொண்டே வயதான ஒருவன், தனக்குப் பிறகு வரப்போகிறவர்களிடம் என்ன பேச முடியும்? அதைத்தான் அந்தப் பாட்டுகளில் பேசியிருக்கிறான்.

ஒரு பாட்டில், இந்தக் கோயில் தெய்வச் செயலால் அமைந்தது, என் செயலால் அல்ல என்கிறான். இதை இன்னும் பெருக்கிக் காப்பவர் எவரோ அவர் காலில் விழுந்து ஏவல் செய்வேன் என்கிறான். இன்னொரு பாட்டில், இந்த ஆலயத்துக்கு என்றைக்காவது ஒரு குறை வந்தால், அதைச் சரிசெய்து காப்பவர் யாராக இருந்தாலும் அவரை உலகம் அறியப் பணிந்துவிட்டேன் என்கிறான்.

இது அவன் புதிதாகக் கண்ட உத்தி இல்லை. இந்தத் தருமத்தைக் காத்தவன் பாதம் என் தலைமேல் என்று முடியும் கல்வெட்டுகள் அவனுக்குப் பல நூற்றாண்டு முன்பிருந்தே தமிழ்நாடு முழுக்க உண்டு. கெடுத்தவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்ற சாபமும் கூடவே வரும். ஆவணம் எழுதுகிறவர்கள் வழக்கமாகக் கடைசியில் சேர்க்கும் வாசகம் அது. பராக்கிரமன் அதை எடுத்து ஒரு மனிதக் குரலாக மாற்றினான். சாபத்தைத் தொடவில்லை. கட்டளைக் கலித்துறையில் அமைத்து, தன் பெயரைக் கடைசிச் சொல்லாக வைத்தான். யார் பணிகிறார் என்று தெரியாமலேயே பாட்டு முழுவதையும் கேட்டு வருகிறோம். முடிவில் வந்து நிற்பது அரசன்.

அந்த இரண்டாவது பாட்டில் பிள்ளைகளிடம் நான் காட்டுவது இறந்தகாலத்தை. ‘பணிவேன்’ என்றால் அது வாக்கு. நீ செய், அப்புறம் பார்க்கலாம் என்ற பேரம் அதற்குள் இருக்கிறது. ‘பணிந்தேன்’ என்றால் முடிந்துபோன காரியம். கேட்கிறவர் இன்னும் ஒன்றும் செய்யவில்லை. அதற்குள் மரியாதை வந்து சேர்ந்துவிட்டது. திருப்பிச் செய்ய வேண்டியது இனி அவர் பங்கு. சிதைந்து பல காலம் கிடந்த கோபுரம் 1990-ல் ஒன்பது நிலையாக மறுபடி எழுந்தது. அந்தப் பாட்டால்தான் எழுந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் திருப்பணி நடந்த காலத்தில் கூட்டங்களில் அந்தப் பாட்டைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். கடைசிச் சொல் விழுந்ததும் முன்வரிசைப் பெரியவர்கள் தாமாகவே கையெடுத்துக் கும்பிட்டார்கள். கும்பிட்ட ராஜாவுக்குப் பதில் கும்பிடு. நான் மேடையில் பேச ஆசைப்பட்டதற்கு அந்தக் கைகள் பெரிய காரணம்.

சில வருஷத்துக்கு முன் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் இதைக் கேட்டுவிட்டு எழுந்து நின்றான். “சார், அவரு ராஜா. ராஜா குனிஞ்சா எல்லாருக்கும் பெருசாத் தெரியும். எங்க அப்பாவும் ஆபீஸ்ல குனிஞ்சுதான் நிக்காரு. யாரு திரும்பிப் பாக்கா?”

வகுப்பு அமைதியாகிவிட்டது. அவன் கேட்டது மிகச் சரியான கேள்வி. அதிகாரம் உள்ளவனின் பணிவு கேட்கிறவர் மனதை அசைக்கும். இல்லாதவனின் பணிவு கண்ணிலேயே படாது. அப்படியானால் இல்லாதவனுக்குப் பேச்சில் என்ன பிடிமானம் இருக்கிறது? அன்றைய பாடத்தை அங்கேயே நிறுத்திவிட்டுக் குறவஞ்சியை எடுத்தேன். அதற்குப் பிறகு என் வகுப்பில் இந்த இரண்டும் பிரிந்ததே இல்லை.

குற்றாலக் குறவஞ்சியைப் பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் மேலகரத்துக்காரர். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில் இருக்கிற ஊர். அந்த நூலுக்காக மதுரை நாயக்க மன்னர் முத்து விஜயரங்க சொக்கநாதர் கொடுத்த நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்றே பெயர். கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். குற்றாலநாதர் பவனி வருகிறார், வசந்தவல்லி பார்த்து மயங்குகிறாள், குறத்தி வந்து குறி சொல்கிறாள். குறி சொல்லும் அந்தப் பகுதியைப் பேச்சுத் தொழில் செய்கிறவன் கண்ணோடு படித்துப் பாருங்கள். வருகிறவளுக்கு நிலம் இல்லை, பதவி இல்லை. இடுப்பில் கூடை, கையில் மாத்திரைக்கோல், அவ்வளவுதான். எதிரே இருப்பவள் செல்வ வீட்டுப் பெண். யார் வாசலில் யார் நிற்கிறார் என்பது தெளிவு.

சிங்கி என்ற அந்தக் குறத்தி குனியவே இல்லை. முதலில் தன் மலையைச் சொல்கிறாள். குரங்குகள் பழம் கொடுத்துக் கொஞ்சுவதை, கானவர் விழியெறிந்து வானவரை அழைப்பதை, அருவியின் திரை மேலே எழும்பிச் சூரியனுடைய குதிரைக்கும் தேர்ச் சக்கரத்துக்கும் கால் வழுக்குவதைச் சொல்கிறாள். இவ்வளவு பெரிய மிகையை ஒருவரும் ஏன் பொய் என்று தள்ளுவதில்லை? ஆனி ஆடியில் பேரருவிக்கு எதிரே ஒரு நிமிஷம் நின்றவருக்கு விடை தெரியும். சாரலில் சட்டை நனைந்திருக்கும், பக்கத்தில் நிற்பவர் பேச்சு காதில் விழாது. அருவி உண்மை, கேட்கிறவர் உடம்புக்கே அது தெரியும். தெரிந்த அந்த உண்மையில் ஊன்றிக்கொண்டுதான் கவிராயர் சூரியன் வரைக்கும் போகிறார். இன்றைய மேடையில் மிகை தோற்பதற்குக் காரணம் அது மிகை என்பதல்ல. ஊன்றிக்கொள்ள அடியில் ஒன்றும் இருப்பதில்லை.

அவள் ‘எங்கள் மலை’ என்று சொல்வதைக் கவனிக்கச் சொல்வேன். நாம், நாங்கள் என்ற பிரிவு நம் மொழியில் பேச்சாளனுக்குக் கிடைத்த பெரிய வசதி. கூட்டத்தை உள்ளே சேர்க்க ‘நம்’ என்போம். இது என் கணக்கு, நீங்கள் கேட்டுக்கொள்ளுங்கள் என்பதற்கு ‘எங்கள்’. கூட்டத்தில் எடுத்த எடுப்பிலேயே ‘நாம்’ போடுகிறவர்கள்தான் அதிகம். நாம் எல்லாரும் ஒன்று என்று முன்பின் தெரியாத ஒருவர் சொன்னால் யாருக்கும் ஒட்டாது. சிங்கி அவசரப்படவில்லை. எங்கள் மலை, எங்கள் குலம் என்று தனக்கென ஓர் இடத்தை முதலில் ஊன்றிக்கொள்கிறாள். ஒவ்வொரு மலையையும் உறவுமுறை சொல்லி அழைக்கிறாள். ஒன்று தங்கைக்கு, ஒன்று கணவன் வகைக்கு. கேட்டு முடிக்கும்போது வாசலில் நிற்பவள் வெறும் கூடைக்காரி இல்லை, மலைகளெல்லாம் சொந்தக்காரர்களாக உள்ளவள்.

அடுத்துச் செய்வது அதைவிட நுட்பம். வீட்டாரை வேலை வாங்குகிறாள். தரை மெழுகு, கோலம் போடு, பிள்ளையார் வை, விளக்கேற்று, தேங்காய் வை, எனக்குச் சோறு போடு, வெற்றிலை கொடு, கையைக் காட்டு. குறி என்ற ஒரு சொல் வாயிலிருந்து வருவதற்குள் கேட்கிறவள் எத்தனையோ காரியம் செய்துவிட்டாள். தன் உழைப்பைப் போட்ட ஒன்றை யாரும் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. இது காமநோய் என்று கடைசியில் சிங்கி சொன்னதும் வசந்தவல்லிக்குக் கோபம் வருகிறது. கன்னிப் பெண்ணான என்னை இப்படிச் சொல்லலாமா என்கிறாள். சொன்னதைச் சிங்கி மாற்றிக்கொள்ளவில்லை, சண்டைக்கும் போகவில்லை. மெல்ல மெல்ல அடையாளம் சொல்லிப் பெயரின் பக்கத்துக்குக் கொண்டுவருகிறாள். வசந்தவல்லிக்குத் தெரியாத எதையும் அவள் சொல்வதில்லை, அவர் வருவார் என்ற நம்பிக்கை ஒன்றைத் தவிர. வெளியே வராமல் உள்ளே கிடந்ததற்குச் சொல் கொடுக்கிறாள்.

அந்தப் பையனிடம் கேட்டேன்: “உங்க அப்பாவுக்கு என்ன தெரியும்?” “வயலு சார். சிற்றாத்துல தண்ணி வந்தா எந்த மடை எப்ப நிறையும்னு சொல்லுவாரு.” “அதை முதல்ல சொல்லச் சொல்லு. ஆபீஸ்ல உள்ளவங்களுக்கு அது தெரியாது. மனுவை அதுக்கப்புறம் கொடுக்கட்டும்.” இதனால் அவர் காரியம் உடனே நடந்துவிடும் என்று நான் அவனுக்கு வாக்குக் கொடுக்கவில்லை. ஆனால் தெரிந்தவராக நின்று பேசுவதும் இரந்து நின்று பேசுவதும் ஒரே பேச்சல்ல என்பது அவனுக்குப் புரிந்தது. மறுவாரம் அவனாகவே வேறு உதாரணங்களோடு வந்தான்.

எழுத்தில் உள்ள இந்தப் பாடத்தை எனக்குக் காதால் கற்றுத்தந்தவர்கள் வில்லுப்பாட்டுக்காரர்கள். எங்கள் பக்கத்து ஊர்க் கொடைகளில் விடிய விடிய உட்கார்ந்து கேட்டவன் நான். அண்ணாவி வீசுகோலால் வில்லைத் தட்டிக் கதை சொல்ல, குடமும் உடுக்கும் கூட வர, எதிரே இருப்பவர் ‘ஆமா’ போடுவார். சின்ன வயதில் அது தாளத்துக்காக என்றே எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு தடவை கொடை முடிந்து டீக்கடையில் வயதான அண்ணாவி ஒருவரிடம் கேட்டபோது சொன்னார்: “தம்பி, அவன் ஆமாங்கது எனக்கில்ல. சனத்துக்குப் பதிலா அவன் சொல்லுதான். சனத்துக்கு வாய் திறந்திட்டா அவன் சும்மா இருந்துக்கிடுவான்.” அதன்பிறகு கவனித்தேன். அம்மன் கதையில் அநியாயம் நடக்கும் இடம் வரும்போது பக்கப்பாட்டுக்காரர் உண்மையாகவே குரலை இறக்கிவிடுவார். பந்தலுக்குள்ளிருந்து கிழவிகளின் “ச்சூ” சத்தம் அந்த இடத்தை நிரப்பும்.

என்.எஸ். கிருஷ்ணனும் கொத்தமங்கலம் சுப்புவும் காந்தி கதையை இந்த வில்லில் ஏற்றியபோது வேறு எந்த வடிவத்தை எடுத்திருந்தாலும் அவ்வளவு தூரம் போயிருக்காது என்பது என் எண்ணம். பழைய ‘ஆமா’ புதிய கதைக்கும் கிடைத்தது.

கேட்கிறவருக்கு நேரம் கொடுக்க வேண்டும் என்பதை எனக்குச் சொல்லித்தந்தவர் எங்கள் தமிழாசிரியர். அவர் சிறுவனாக இருந்தபோது குற்றாலத்தில் ரசிகமணி டி.கே.சி. பாட்டுச் சொல்லக் கேட்டவர். டி.கே. சிதம்பரநாத முதலியார் படித்தது சட்டம். பேர் வாங்கியது பாட்டை அனுபவிக்கச் சொல்லிக்கொடுத்ததில். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் அவர் வீட்டு வட்டத்தொட்டிக் கூட்டம் ஊரறிந்தது. கடைசிக் காலத்தில் குற்றாலத்திலேயே இருந்தார். ராஜாஜியும் கல்கியும் தேடிவந்தார்கள். 1954-ல் காலமானார். எங்கள் ஆசிரியர் சொல்வார்: அவர் ஒரு பாட்டை எடுத்தால் உடனே பொருள் சொல்ல மாட்டார். ஒரு அடியைச் சொல்வார். மறுபடி அதையே சொல்வார், இந்தத் தடவை வேறு சொல்லில் நின்று. மறுபடியும். மூன்றாம் தடவையில் கேட்டுக்கொண்டிருந்த யாராவது “அட” என்பார்கள். அதுவரைக்கும் காத்திருந்து, அதன்பிறகு அடுத்த அடிக்குப் போவார்.

இதை வகுப்பில் செய்து பார்த்தால் புரியும். தமிழில் வினைமுற்று கடைசியில் வருகிறது. யார், எதை, எங்கே, எப்படி என்பதெல்லாம் முன்னால் வந்து அடுக்கி நிற்க, என்ன நடந்தது என்பது வாயிலேயே இருக்கிறது. அந்தக் கடைசிச் சொல்லுக்கு முன்னால் அரை விநாடி நிறுத்தினால் கூட்டம் தன் மனதில் ஒரு வினையைப் போட்டுப் பார்க்கும். நீங்கள் சொல்வது அதோடு ஒத்தால் தாமே சொன்ன நிறைவு அவர்களுக்கு; ஒத்துப்போகாவிட்டால் திடுக்கிடல். எப்படியானாலும் அவர்கள் உள்ளே வந்துவிட்டார்கள். மூச்சு விடாமல் பேசுகிறவர்கள் இந்த அரை விநாடியை இழந்துவிடுகிறார்கள். ‘வாக்கியத்தைப் பிடித்து நிறுத்து’ என்று ஆசிரியர் என்னைத் திருத்திக்கொண்டே இருப்பார். அவர் போன பிறகும் மைக் முன்னால் நிற்கையில் அந்தக் குரல் காதில் விழும்.

டி.கே.சி. கம்பராமாயணத்தைப் பதிப்பித்ததில் செய்ததை நான் ஏற்றுக்கொள்வதில்லை. தம் ரசனைக்கு ஒவ்வாத பாடல்களை இடைச்செருகல் என்று தள்ளினார், சொற்களையும் மாற்றினார். தமிழறிஞர்கள் கோபப்பட்டது நியாயம். ஆனால் அச்சில் சொற்களைப் பிரித்து, இடைவெளி விட்டு, வாய்விட்டுப் படிக்கத் தோதாகப் பாட்டை நிறுத்திக் காட்டியதற்கு என்னைப் போன்றவர்கள் அவருக்குக் கடன்பட்டிருக்கிறோம். பாட்டைக் கண்ணால் மட்டும் படிப்பது பாதிப் படிப்பு என்று அவர் கடைசிவரை நடத்திக் காட்டினார்.

மேடைப் பேச்சு நமக்கு அவ்வளவு பழையதல்ல. யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுக நாவலர் 1847 டிசம்பர் 31-ல் செய்த சைவப் பிரசங்கத்தைத் தமிழ்ச் சொற்பொழிவின் தொடக்கங்களில் ஒன்றாகச் சொல்வார்கள். பாதிரிமார் பிரசங்கத்தைப் பக்கத்திலிருந்து கேட்டவர் அவர். அதற்கு முன் நமக்கிருந்தது புராணப் படனமும் கதையும் கூத்தும். அறுபது வருஷம் கழித்து, 1908-ல் எங்கள் திருநெல்வேலிச் சீமையில் பேச்சு என்ன செய்யும் என்பது தெரிந்தது. தூத்துக்குடியில் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் பேசினார்கள். கோரல் ஆலைத் தொழிலாளர்கள் பிப்ரவரி கடைசியில் வேலைநிறுத்தம் செய்து கூலி உயர்வு வாங்கினார்கள். மார்ச் 12-ல் தலைவர்கள் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலி பற்றி எரிந்தது. ராஜத்துரோக வழக்கில் அரசு முன்வைத்தது அவர்கள் மேடையில் பேசிய பேச்சைத்தான். சிவாவுக்குப் பத்து ஆண்டு, வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் என்று கீழ்க்கோர்ட் தீர்ப்பு. அவ்வளவு தண்டனை கொடுக்கிற அளவுக்குப் பேச்சைக் கண்டு வெள்ளைக்காரன் பயந்தான். என் வகுப்பில் விளையாட்டாகப் பேச வருகிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்லாமல் விடுவதில்லை.

பிற்காலத்து மேடையில் பெரியாரும் அண்ணாவும் இரண்டு கரைகள். பெரியார் பேச்சில் அலங்காரம் கிடையாது. நான் சொன்னேன் என்பதற்காக நம்பாதீர்கள், உங்கள் புத்தியைக் கொண்டு பாருங்கள் என்று சொல்லியே கூட்டத்தைப் பிடிப்பார். அண்ணா அடுக்குமொழிக்காரர் என்று பேர். அவரைப் பின்பற்றியவர்கள் பெரும்பாலும் அடுக்கை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்; இன்றைக்கும் பள்ளிப் பேச்சுப் போட்டிகளில் மோனை மேல் மோனையாக விழுந்துகொண்டே இருக்கிறது, பொருள் ஒன்றும் நகர்வதில்லை. நடுவராக உட்கார்ந்து அதைக் கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும், குழந்தைகள் மேல் அல்ல, எழுதிக் கொடுத்த பெரியவர்கள் மேல். அண்ணாவின் பலம் அடுக்கில் இல்லை. இந்தி பேசுகிறவர்கள்தான் அதிகம் என்ற வாதத்துக்கு, எண்ணிக்கைதான் கணக்கு என்றால் தேசியப் பறவையாக மயிலுக்குப் பதில் காக்கையை அல்லவா வைத்திருக்க வேண்டும் என்று கேட்டாரே, அதில் இருக்கிறது. இந்தியைப் பற்றிய முடிவை அவர் சொல்லவில்லை. காக்கை வரைக்கும் கொண்டுவந்து விட்டார். மீதி தூரத்தைக் கேட்டவர்கள் நடந்தார்கள்.

எழுதிக் கொடுத்த பேச்சை மனப்பாடம் செய்து வந்த ஒரு பெண்பிள்ளை எங்கள் மாலை வகுப்பில் சேர்ந்தாள். தென்காசிக்கு மேற்கே மலையடிவாரக் கிராமம். தலைப்பு தண்ணீர் சிக்கனம். ஐக்கிய நாடுகள், உலகப் போர், துருவப் பனி எல்லாம் அந்தத் தாளில் இருந்தன. தாளை வாங்கி வைத்துக்கொண்டு, “உன் மலையைச் சொல்லு” என்றேன். முதலில் விழித்தாள். பிறகு, குற்றாலத்தில் சீசன் களைகட்டும் நாட்களில் ஊருக்குள் பஸ் நிற்காமல் கூட்டத்தோடு போய்விடுவதையும், பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் சாரலில் நனைந்துகொண்டு நடப்பதையும் சொல்ல ஆரம்பித்தாள். தண்ணீர் சிக்கனம் எங்கோ போய்விட்டது. நான் தடுக்கவில்லை.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 15 கிராம சபைக் கூட்டத்தில் அவள் பேசினாள். பேச வேண்டும் என்று முடிவு செய்தது அவளும் அவள் அம்மாவும். என்னிடம் வந்தது வரிசையைச் சரிபார்க்கத்தான். முதலில், காலையில் எத்தனை மணிக்கு எந்த பஸ் வருகிறது, எது நிற்கிறது, எது நிற்பதில்லை என்பதைத் தேதி வாரியாகக் குறித்து வைத்திருந்ததைப் படித்தாள். அது ‘எங்கள்’ பகுதி, பிள்ளைகள் குறித்தது. பிறகு கூட்டத்தைப் பார்த்து, “போன வாரம் நனஞ்சு வந்த பிள்ளைக உள்ள வீட்டுக்காரங்க கை தூக்குங்க” என்றாள். கைகள் எழுந்தன. சிங்கி சொன்னதும் விளக்கேற்றி வைத்த வசந்தவல்லி வீட்டார் மாதிரி, கேட்கிறவர்கள் ஒரு காரியம் செய்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் ‘நம்ம ஊர்’ என்று தொடங்கினாள். தலைவர் குறுக்கே, “பாப்பா, இது பஞ்சாயத்து கையில இல்லம்மா” என்றார். “தெரியும் அய்யா, தீர்மானம் உங்க கையிலதான இருக்கு” என்றாள். அந்தப் பதிலை நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

தீர்மானப் புத்தகத்தில் எழுதி வாசித்துக் காட்டினார்கள். எழுதிய வாசகத்தில் ‘பரிசீலிக்கலாம்’ என்று இருந்ததை அவள் அம்மா எழுந்து, ‘நிறுத்த வேண்டும்னு எழுதுங்க’ என்று மாற்றச் சொன்னார். மாற்றினார்கள். இப்போது அந்த நகலையும் பிள்ளைகள் குறித்த அட்டவணையையும் சேர்த்து டிப்போவில் கொடுக்கிற வேலை நடக்கிறது. அங்கே யார் பேசுவது என்று கேட்டதற்கு அம்மாவே பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். நாளை சாயங்காலம் வகுப்புக்கு அவரும் வருகிறார்.